கேட்கக் கேட்க ஏறும் மின்தடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஆகவே இதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொள். இங்கே நலமில்லாதது ஒரு மென்பொருள் மட்டும்தான். அதை எங்கள் மேலாளருக்குச் சிபாரிசு செய்த பேராசிரியர் நீ என்பதால் புகாரும் உன் வீட்டு வாசலுக்கே வருகிறது.

எங்கள் தொழிற்சாலையில் குளியலறைக் கண்ணாடிகளின் முதுகில் ஒட்டும் மெல்லிய படலம் செய்கிறோம். மின்சாரம் ஓடினால் அது இளஞ்சூடாகும், கண்ணாடியில் ஆவி படியாது. படலத்தின் மின்தடை கூடிப்போனால் கண்ணாடி வியர்க்கும். குறைந்துபோனால் முகம் பார்க்க வந்தவர் வியர்ப்பார். அந்த மின்தடையை அளக்கும் அறைதான் என் அறை. ஜன்னலோரம் ஒரு நீள மேஜை, கறுப்பும் சிவப்புமாக இரண்டு கம்பிகள், ஒரு கால் ஆடும் முக்காலி, அதன்மேல் நான். போன மாதம் புது மேலாளர், நல்ல பிள்ளைதான், வாசலில் நின்றபடியே, "மேடம், இனிமே எதுக்கு ஒவ்வொண்ணா அளந்துக்கிட்டு? எல்லாம் கம்ப்யூட்டர்லயே தெரிஞ்சிடும். இந்த ரூம சாப்பாட்டு ரூமா மாத்திடலாம்" என்றார். சொல்லும்போதே அவர் பார்வை சுவரோரமாகப் போய், கை கழுவும் தொட்டிக்கு இடம் தேடியது. "அது சொல்றதும் நான் அளக்குறதும் ஒத்துப்போகட்டும், அப்புறம் தொட்டி வாங்குங்க" என்றேன். "தாராளமா பாருங்க மேடம். வெள்ளிக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிடலாம்" என்றார். ஆக, மென்பொருள் சரியாகச் சொன்னால் என் அறையில் சோறு; தப்பாகச் சொன்னால் அறையில் நான்.

அது வேலை செய்யும் விதம் அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். படலத்தைத் திரையில் வரைந்தால் சின்னச் சின்ன முக்கோணங்களாக நறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முக்கோணமும் பக்கத்து முக்கோணத்திடம் உன்னிடம் மின்னழுத்தம் எவ்வளவு என்று விசாரித்து, தன்னுடையதைத் திருத்திக்கொண்டு, கடைசியில் எல்லாம் ஒரு முடிவுக்கு வந்ததும் மொத்த மின்தடை இவ்வளவு என்று ஓர் எண் வருகிறது. நிறம் நிறமாக மின்னழுத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே தேநீரை ஆறவிட்டேன், இது உன்னோடு இருக்கட்டும். மேலாளர் தான் ஏற்கெனவே வரைந்துவைத்திருந்த படலம் ஒன்றைத் திறந்து, "கரண்ட் உள்ள வர்றது இங்க ஒரு புள்ளி, வெளிய போறது அங்க ஒரு புள்ளி, அவ்வளவுதான்" என்று காட்டிக்கொடுத்தார். நானும் ஊசிமுனைத் துல்லியத்தோடு இரண்டு புள்ளிகள் வைத்தேன். எண் வந்தது. என்னுடைய எண்ணைவிட அதிகம். சரி, முக்கோணங்கள் பெரிதாக இருக்கின்றன, கொஞ்சம் பொடியாக நறுக்கினால் உண்மையைச் சொல்லும் என்று நறுக்கினேன். எண் ஏறியது. இன்னும் நறுக்கினேன், இன்னும் ஏறியது. தம்பி, இது என்ன நியாயம்? நுணுகிப் பார்க்கப் பார்க்க ஒரு பதில் நிலைக்கு வர வேண்டாமா? இதுவோ, ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஒரு கதை சொல்கிறது. என் மேஜையில், படலத்தின் இரு ஓரத்துச் செப்புப் பட்டைகளிலும் கம்பியைக் கவ்வவிட்டு அளந்தால் காலையிலும் ஒரே எண், மாலையிலும் அதே எண்தான்.

இருந்தாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் எனக்கு என்மேலும் வரும். என் கம்பிகள் பொய் சொன்னால்? ஆகவே வீட்டிலேயே ஒரு படலம் செய்தேன். உன் அத்தான் ஓவிய ஆசிரியர் அல்லவா, அவருடைய கரும்பென்சில்களை எடுத்து ஒரு தாள் முழுக்கத் தேய்த்தால் அதிலும் மின்சாரம் ஓடும். எதிரெதிர் ஓரங்களை முழுசாகப் பிடித்து அளந்தால், சதுரம் சின்னதோ பெரியதோ, மின்தடை ஒன்றுதான் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். வழி நீண்டால் அகலமும் கூடுகிறது, சரிக்குச் சரி. அதை அவரிடம் சொன்னது என் போதாத காலம். "அப்ப தபால்தலை சைஸுல தேய்ச்சா போதுமே! டேபிள் சைஸுக்கு எதுக்கு என் பென்சில கரைக்கிற?" என்றார். "புத்தகத்துல இருந்தா நம்பிடணுமா? அளந்து பாக்க வேண்டாமா?" என்றேன். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இப்படி ஏதாவது அளந்து பாத்தியா?" என்றார். அளந்ததைச் சொல்லவில்லை. இரண்டு தையல் ஊசிகளைத் தாளில் ஊன்றி மல்டிமீட்டரை வைத்தேன். கூரான ஊசிக்கு ஓர் எண், முனை மழுங்கிய ஊசிக்கு அதைவிடக் குறைவாக வேறோர் எண். பென்சிலையும் நம்புவதற்கில்லை என்று விட்டுவிட்டேன். அதற்குள் மேஜை விரிப்பு, கதவுக் கைப்பிடி, அவருடைய வெள்ளைச் சட்டைக் காலர் எல்லாமே மின்கடத்திகள் ஆகிவிட்டிருந்தன. "இப்ப என்னையும் ரெண்டு ஊசியால குத்தி அளந்துடு" என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஆகவே உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை வந்து, மேலாளர் எதிரில் உட்கார்ந்து, பேராசிரியர் குரலில் சொல்லிவிடு: இந்த மென்பொருளை நம்பி அளக்கும் அறையை மூட முடியாது. நான் சொன்னால் அறைக்காகச் சொல்வதாக நினைப்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருப்பதால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பெரியவள் படிப்பில் கெட்டி என்று எழுதியிருந்தாய், சந்தோஷம், சரிபார்த்துக்கொள். சின்னவனுக்கு முத்தங்கள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் திடமான எண்களோடும் வாழ என் ஆசிகள்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நீ வர வேண்டாம். பென்சில் பொடி மேஜையில் உதிர்வது பொறுக்காமல் உன் அத்தான் தாளைத் துணிக்கொடியில் மாட்டிவைத்திருந்தார், இரண்டு ஓரத்திலும் பட்டையான இரும்புக் கிளிப் போட்டு. போகிற போக்கில் கிளிப்புகளைத் தொட்டு அளந்தேன். எண் சட்டென்று இறங்கி, அப்படியே நின்றது. நானும் நின்றேன். புள்ளி! அகலமே இல்லாத ஒரு புள்ளிக்குள் மொத்த மின்சாரத்தையும் நுழையச் சொன்னால் அது எப்படி நுழையும்? புள்ளியை ஒட்டிய முக்கோணத்தின் அகலம்தான் மின்சாரத்துக்கு வாசல்; முக்கோணத்தைப் பொடியாக்கப் பொடியாக்க அந்த வாசலை நானேதான் சிறிதாக்கிக்கொண்டே போயிருக்கிறேன். ஆபீசுக்கு ஓடினேன். புள்ளிகளை எடுத்துவிட்டுச் செப்புப் பட்டையின் அகலத்தைக் கொடுத்தேன். எவ்வளவு பொடியாக நறுக்கினாலும் எண் அசையவில்லை. என் மேஜையின் எண்ணேதான். தேநீர் மறுபடி ஆறிப்போயிற்று.

உன் மென்பொருள் யோக்கியமானது. அதனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. உன்னிடம் கேட்க வழியிருக்கிறது, மனமில்லை. சொல்லாமல் விட்டால் அறை தப்பும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கண்டுபிடித்ததை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கையில் கிடைத்தவர் மேலாளர்தான். கேட்டுவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார், ஆடுகிற முக்காலியில். "மேடம், நான் எல்லா மாடலுக்கும் புள்ளிதான் வெச்சேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். தடை ரொம்ப அதிகமா இருக்குன்னு புது ஆர்டருக்குப் படலத்தை வேற தடிமனாக்கி, உங்ககிட்ட அளக்க அனுப்பாமலே ஒட்டச் சொன்னேன்."

"அப்ப அந்தக் கண்ணாடியெல்லாம்?"

"கோடவுன்ல அடுக்கியிருக்கு. எல்லாம் அடுப்பு மாதிரி கொதிக்கும், இல்ல மேடம்?"

எவ்வளவு கொதிக்கும் என்பதை ஒவ்வொன்றாக அளந்துதான் சொல்ல வேண்டும் என்றேன். அறை இருக்கிறது. கை கழுவும் தொட்டி மாடிப்படிக்குக் கீழே போகிறது. கூட அளக்க மேலாளரும் வருகிறார், தனக்கு ஒரு முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார். ஆடாத முக்காலி, அதை நான் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் இல்லை. அப்படியும் நீ வருவதானால் கரும்பென்சில் ஒரு பெட்டி வாங்கி வா. படலத்தின் நடுவில் ஓர் ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று நேற்றிலிருந்து ஒரு யோசனை, உன் அத்தானோ பென்சில் வைத்த அலமாரியைப் பூட்டிவிட்டார்.