மரம் வெட்டிய குடும்பத்துக்காக ஒரு மன்னிப்பு

புந்தோங், ஈப்போ
வியாழன் மாலை

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஐயாவு அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் தேவன் பணிவோடும் கொஞ்சம் பதற்றத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சரளாவும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே காம்பாரில் உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த விஷயத்தை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் பலமுறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் சந்திப்பிழையைத் திருத்தி அனுப்பினீர்களே தவிர, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான் என்று விமலா அக்கா சொன்னார். அதனால்தான் காகிதத்தில் எழுதி, நம் வீட்டுக்கு வந்திருக்கும் அக்கா நாளைக் காலை பஸ் ஏறும்போது கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். இதிலும் பிழை இருக்கும். தயவுசெய்து பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

விஷயம் நம் பிள்ளை ஷர்மினி. பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டுக் கைப்பேசியும் கையுமாக இருந்தவளைத் தமிழ்நாட்டில் நடக்கும் பண்பாட்டு மரபு முகாமுக்கு அனுப்பச் சொன்னது நீங்கள். அழைப்பிதழில் ‘கோடைக்கால முகாம்’ என்று போட்டிருந்தது. ஈப்போவில் பிறந்தவள் வெயிலைப் பார்க்க வெளிநாடு போகணுமா என்று சரளா கேட்டாள். மச்சான் சொன்னால் காரணம் இருக்கும் என்று நான்தான் அவளை அடக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள், முடிவெட்டும் கடை, கோயில் கமிட்டி என்று ஒருத்தர் விடாமல், என் மகள் வேரைத் தேடிப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். கோயில் தலைவர் அவள் திரும்பியதும் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்துவதாக அறிவித்துவிட்டார். பொன்னாடை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டு ஆளும் அனுப்பிவிட்டார். இங்கே நிலைமை இப்படி இருக்க, அங்கே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. முகாமில் பிறமொழிச் சொல் வாயில் வரக்கூடாது, வந்தால் முற்றத்தைப் பெருக்க வேண்டும் என்பது இயக்குநர் ஐயாவின் சட்டம். கனடா, ஜெர்மனி என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் பல்விளக்கும் முன்பே இரண்டு சொல்லைத் தவறவிட்டுவிட்டு விளக்குமாற்றுக்கு வரிசையில் நின்றார்களாம். நம்மவள் மட்டும் அதைத் தொடவே இல்லை. போன அன்றைக்கே இயக்குநரைப் பார்த்து, “பசியாறிட்டீங்களா ஐயா?” என்று கேட்டிருக்கிறாள். நமக்கு அது காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடல் கடந்த தமிழ் பசியை ஆற்றுகிறது, நாமோ டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எல்லாரையும் நிற்கவைத்துப் பேசிவிட்டு, இவளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். டிபன் என்று சொன்னதற்கு அவர் முற்றம் பெருக்கினாரா என்று ஷர்மினி சொல்லவில்லை. அந்தப் படத்தை நான் உங்களுக்கு இரண்டு முறை அனுப்பினேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மனிதர் வழுக்கி விழுந்தார். மறுநாள் கோயிலுக்குப் போக வண்டி வரவேண்டும், நான் சடக்கோரம் நிற்கிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். ரோட்டை நாம் சடக்கு என்றுதானே சொல்கிறோம். அது என்ன சொல் என்று அவர் கேட்க, எங்கள் ஊரில் அந்தக் காலத்திலிருந்து சொல்வது என்று இவள் பதில் சொல்ல, அவ்வளவுதான். இது சங்க காலத்தில் தாய்நாட்டில் தொலைந்த சொல், தோட்டக்காட்டில் உயிரோடு கிடைத்திருக்கிறது என்று மாலைக் கூட்டத்தில் கரும்பலகையில் வேர்ச்சொல் போட்டு விளக்கியிருக்கிறார். அப்போது டெல்லியில் வளர்ந்த பிள்ளை ஒன்று எழுந்து, ஐயா, இந்தியில் ரோட்டுக்கு சடக் என்றுதான் பெயர் என்றது. கூடமே சிரித்துவிட்டது. அன்றைக்கு ஷர்மினி முற்றம் பெருக்கினாள். வீட்டில் தொடாத விளக்குமாற்றை அங்கேயாவது தொட்டாளே என்று சரளாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்று முதல் இயக்குநருக்கு நம் ஊர்த் தமிழ் என்றாலே அலர்ஜி.

அதற்கப்புறம் வந்ததுதான் ‘என் முன்னோர்’ நாள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தாத்தா என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். மற்றவர்களின் தாத்தாக்கள் தமிழாசிரியர், வக்கீல், கப்பல் வணிகர் என்று வரிசையாக வந்திருக்கிறார்கள். நம்மவள் எழுந்து நெஞ்சை நிமிர்த்தி, “எங்க தாத்தா மரம் வெட்டுனாரு. ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் வெட்டுவாரு” என்றாளாம். மரம் நடுவதைப் பற்றி அன்று காலையில்தான் அவர்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார்கள்.

இதில் என்ன தப்பு என்று எனக்கும் இரண்டு நாள் புரியவில்லை மச்சான். ஜைனுலாப்தீன் அண்ணன் கடையில் உட்கார்ந்து புலம்பியபோதுதான் விளங்கியது. அவர் ராமநாதபுரம் போய்வருகிற ஆள். நம் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் உளியால் பட்டையைச் சீவி ரப்பர் பால் இறக்குவது. “அங்க வெட்டுனா மரம் விழுந்துரும்லா, தேவா” என்றார் அண்ணன். எங்கள் அப்பா ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்தைக் கோடாலியால் சாய்த்தார், மறுநாள் இன்னொரு ஐந்நூறு சாய்த்தார், இப்படியே ஆயுசு பூராவும் சாய்த்தார் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்திருக்கின்றன. அந்தக் கணக்குப்படி பேராக் மாநிலத்தில் இப்போது ஒரு செடிகூட இருக்கக்கூடாது.

எதற்காக வெட்டினார் என்று இயக்குநர் கேட்டிருக்கிறார். பாலுக்கு என்றாள். அங்கே பால்மரம் என்றால் ஆலமரம், அத்திமரம். சாமி குடியிருக்கும் மரம். அவர் ஆடிப்போய், எந்த மரம் என்று கேட்டார். ரப்பர் என்றால் ஆங்கிலம், மறுபடியும் முற்றம் பெருக்க வேண்டும் என்று இவள் உஷாராகி, சுத்தத் தமிழில் ‘கித்தா மரம்’ என்றாள். கித்தா என்பது மலாய்க்காரர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நீங்களாவது சொல்லியிருக்கலாம். சரி, அந்தப் பாலை என்ன செய்தார்கள் என்று அடுத்த கேள்வி. இவள் பள்ளியில் படித்த நல்ல தமிழையெல்லாம் திரட்டி, கொட்டகைக்குக் கொண்டுபோய் அமிலம் ஊற்றுவார்கள் என்றாள். ரப்பர் பால் உறைய ஆசிட் ஊற்றுவது நமக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே மூச்சில் எங்கள் அப்பா காட்டை அழித்தவரும், பாலில் கலப்படம் செய்தவரும் ஆகிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிறைவு விழா. முன்னோர் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டு மலேசிய மாணவி மரக்கன்று நடுகிறாள் என்று பேனர் அடித்து வாசலில் கட்டிவிட்டார்கள். ஜைனுலாப்தீன் அண்ணன் சொன்னதை நான் ஃபோனில் சொல்ல, ஷர்மினி ஓடிப்போய் இயக்குநரிடம் விளக்கியிருக்கிறாள். சடக்கில் ஒருமுறை விழுந்தவர் இல்லையா, இனி எந்தச் சொல்லுக்கும் தோட்டத்து அர்த்தம் கேட்பதாக இல்லை, வெட்டு என்றால் வெட்டுதான் என்று சொல்லிவிட்டார். மன்னிப்பு வாசித்தால் மேடையும் சான்றிதழும் உண்டு. இல்லையென்றால் இரண்டும் கிடையாது. அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் உங்கள் காம்பார் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கலாம் என்று இருக்கிறோம். ஆனால் இவள் பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறாள். அங்கே நீ என்ன சொன்னாலும் புந்தோங்கில் யாருக்கும் கேட்காது, வாசித்துவிட்டு வந்துவிடு என்று நான் கெஞ்சினேன்.

“தாத்தா என்னப்பா தப்பு செஞ்சாரு? அப்படி வேணும்னா நீங்களே வந்து மன்னிப்புக் கேளுங்க” என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

நானே இயக்குநரிடம் பேசி விளக்கிவிடலாம் என்று ஒருமுறை துணிந்தேன். அவர் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல, வணக்கம், தாங்கள் யார் என்றார். பசியாறிட்டீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அப்போது அங்கே சாயங்காலம்.

ஆகவே மச்சான், நீங்கள் ஒரு தமிழ் மாநாட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். உங்கள் தமிழுக்கு அவர் மதிப்புக் கொடுப்பார். ஞாயிற்றுக்குள் அவரை அழைத்து, எங்கள் குடும்பம் வெட்டிய மரங்களுக்காக வருந்துகிறோம் என்று நம் எல்லார் சார்பிலும் சொல்லிவிடுங்கள். அமிலத்துக்கும் சேர்த்தே கேட்டுவிடுங்கள், அதற்குத் தனியாக ஒரு ஃபோன் வேண்டாம். எங்கள் அப்பா உங்களுக்கும் மாமனார்தானே. அப்பா போய்ச்சேர்ந்து எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது, இதையெல்லாம் ஒன்றும் நினைக்க மாட்டார். பிள்ளையின் எதிர்காலம்தான் முக்கியம். ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது?

முட்டிவலித் தைலம் இரண்டு புட்டி அக்காவின் பையில் இருக்கிறது. சரளா தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். பெரியவர்களான உங்கள் இருவரின் ஆசியும் எங்கள் வீட்டு வாசலை விட்டு விலகாமல் இருக்கட்டும் என்று வேண்டும்,

கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
தேவன்

பின்குறிப்பு: வெள்ளி காலை. தைலத்தைத் தவிர மேலே எழுதிய எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யாருக்கும் ஃபோன் செய்ய வேண்டாம். செய்துவிட்டிருந்தால் மறுபடியும் அழைத்து, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் போய்விடும் என்று சத்தம் போடுகிறார், அதனால் நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

இயக்குநரே இப்போது அழைத்தார். பெண் மிகவும் பிடிவாதம், தகப்பன் என்ற முறையில் நீங்கள் ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் அதை நானே மேடையில் வாசித்துவிடுகிறேன், சான்றிதழும் கொடுத்துவிடலாம் என்றார். நான் உங்களிடம் கேட்டதும் அதேதான். சரளா பக்கத்தில் நின்று சொல்லுங்க சொல்லுங்க என்று சைகை காட்டினாள். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா கண்முன்னே வந்துவிட்டார் மச்சான். ஒரு தடவை உளி ஆழமாகப் பட்டு மரத்துக்குக் காயமாகிவிட்டது. கங்காணி திட்டுவதற்கு முன்னாலேயே அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டு, காயத்துக்கு மருந்து பூசிவிட்டு வந்து, அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்காக நான் மன்னிப்புக் கேட்கவிருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“ஐயா, எங்கப்பா மரம் வெட்டுனது உண்மைதான். ஆயுசு பூரா வெட்டுனாரு. ஒரு மரமும் சாகல” என்றேன்.

வெட்டிய மரம் எப்படிச் சாகாமல் இருக்கும் என்று கேட்டார். இந்த முறை வானொலிக் குரல் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

“எம்மக அங்கதானே இருக்கா. ஞாயித்துக்கெழம மைக்க அவகிட்டக் குடுங்க, சொல்லுவா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.