செர்ரிச் சாறும் நம் பீவர்ஸ் அணி மேனேஜரும்

அன்பும் மரியாதையும் நிறைந்த வெர்னா அக்காவுக்கு,

தம்பி ஆர்வில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் தம்பி பெண்டாட்டி ட்ரூடி நலம், நாய் நலம், சோளம் இடுப்பு உயரம் வந்துவிட்டது. பேஸ்பால் அணி மட்டும் நலமாக இல்லை. அரிசோனாவில் மகள் வீட்டில் உன் முழங்கால் தேறி வருகிறது என்று கேட்டு எங்களுக்குப் பெரிய நிம்மதி. போனில் பேசினால் பாதியில் "சரிடா, அடுப்புல ஏதோ கருகுது" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். அடுப்பை அணைத்துவிட்டுப் படி.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். மேனேஜர் மெர்ல் டௌட்டியை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. இரண்டு பேர் அனுப்பு என்கிறார்கள், இரண்டு பேர் இருக்கட்டும் என்கிறார்கள், தலைவி என்ற முறையில் உன் ஒரு ஓட்டில் அந்த மனுஷனின் தலையெழுத்து நிற்கிறது. கறிக்கடை ஹ்ருஸ்கா உனக்கு இதற்குள் ஏழெட்டு முறை போன் போட்டிருப்பார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தோற்கிறோம், உண்மை. ஜூன் மாதம் முழுக்கத் தோற்றோம், மழை வந்து ஆட்டம் நின்ற நாளில் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள், அதுவும் உண்மை. ஆனால் மெர்ல் நம் வீட்டுக் கீழ் அறையில் தங்கியிருப்பவர், அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஹ்ருஸ்காவுக்குத் தெரியாது. தோற்றுவிட்டு வந்தாலும் வாசலில் ஷூவைக் கழற்றி, மண்ணைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் பார்த்த மேனேஜர்களில் கோபத்தைக் கதவில் காட்டாத ஒரே ஆள் இவர்தான்.

அவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கவில்லை, அக்கா. அணி தொடர்ந்து தோற்றால் மட்டை பிடிக்கும் வரிசைக்குப் பெயர்ச் சீட்டுகளைத் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுப்பது பழைய வழக்கம்தானே, அதையும் செய்து பார்த்தார். அவருடைய தொப்பி தோல்வியில் ஊறியது என்று ட்ரூடி தன் பெரிய வேகவைக்கும் பாத்திரத்தைக் கொடுத்தாள். பார்க்காமல் எடுக்க வேண்டும், பார்க்காமல் ஒட்ட வேண்டும், மைதானம் போகும்வரை யாரும் படிக்கக் கூடாது, இல்லாவிட்டால் பலிக்காது என்றார் மெர்ல். சரி என்று நான் கண்ணை மூடிக்கொண்டு அட்டையில் ஒட்டினேன். தேவாலய விருந்துக்கு யார் என்ன சமைத்துக் கொண்டுவருவது என்ற சீட்டுகளும் அதே பாத்திரத்துக்குள்தான் கிடக்கின்றன என்று அந்த மகராசி வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? ஆட்டத்தன்று அறிவிப்பாளன் அட்டையைப் பார்த்து மைக்கில் வாசிக்கிறான்: "நாலாவதா மட்டை பிடிக்க வர்றது, திருமதி போக்கர்னியின் உருளைக்கிழங்கு சாலட்!" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பின்னால் ஒருத்தன், "அதையே ஆட விடுங்கப்பா, இவனுங்களுக்கு அது எவ்வளவோ தேவலாம்" என்று கத்துகிறான். பாத்திரத்தில் மிஞ்சிய பெயர்ச் சீட்டு விருந்துப் பட்டியலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், நம் அணியில் பந்து பிடிக்கும் கேட்சர் டெல்காடோ பீன்ஸ் கொண்டுவருவார் என்று போதகர் வாசித்தார். அவனும் பாவம், மறுக்கத் தெரியாமல் ஓர் அண்டா பீன்ஸோடு வந்து நின்றான். நன்றாகவே இருந்தது.

அடுத்தபடியாக ஊரில் எல்லோரும் சொன்னது, மெர்லுக்குக் கோபமே வருவதில்லை, அதனால்தான் ஆட்டக்காரர்களுக்கும் சூடு வருவதில்லை என்று. மேனேஜர் என்றால் நடுவரோடு மூக்கோடு மூக்கு முட்டி நிற்க வேண்டாமா, மண்ணை எத்த வேண்டாமா, தொப்பியை வீச வேண்டாமா, கடைசியில் நடுவர் கையை வீசி மைதானத்தை விட்டே விரட்ட வேண்டாமா? அப்படி விரட்டப்பட்டால்தானே பையன்கள் "எங்க ஆளையா?" என்று கொதித்து எழுவார்கள். இந்த மனுஷன் நடுவரைப் பார்த்தால் "நல்லாருக்கீங்களா?" என்று கேட்கிற ஜாதி. எனவே நான்தான் அவருக்குக் கார் கொட்டகையில் பயிற்சி கொடுத்தேன். ட்ரூடி நடுவர். "அவுட்!" என்று அவள் கத்த, மெர்ல் திட்ட வேண்டும். "அம்மா, நீங்க சொன்னது கொஞ்சம் தப்போன்னு தோணுது" என்றார். "சத்தமா!" என்றேன். "அம்மா!" என்று அலறினார். தொப்பியை வீசச் சொன்னால், வீசிவிட்டு ஓடிப்போய் எடுத்துத் தூசி தட்டினார். ட்ரூடி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனுஷன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கோபப்படப் பழகுகிறான், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சனிக்கிழமை, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். நாம் இரண்டு ரன் பின்னால். டெல்காடோ சறுக்கிக்கொண்டு, ஓட்டம் முடியும் இடத்தில் தரையில் பதித்த ப்ளேட்டுக்கு வந்து சேர்ந்தான், என் கண்ணுக்குப் பத்திரமாகத்தான் வந்தான், நடுவர் வோரால் அவுட் என்று கையைத் தூக்கிவிட்டார். நான் ப்ளேட்டுக்கு நேர் பின்னால் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு, "போங்க மெர்ல், போங்க!" என்று கத்தினேன். போனார், அக்கா! முகம் பீட்ரூட் மாதிரி சிவக்க, அந்த இறுக்கமான கால்சட்டையில் தொந்தி குலுங்க ஓடினார். மூக்கோடு மூக்கு. இரண்டு கையையும் வீசுகிறார். ப்ளேட் மேலே மண்ணை எத்தினார். ஊரே எழுந்து நிற்கிறது. ஹ்ருஸ்கா கூடத் தின்றுகொண்டிருந்த சாஸேஜைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு மட்டும்தான் அங்கே பேசியது காதில் விழுந்தது. ப்ளேட்டைத் துடைக்கக் குனிந்த வோரால், "அய்யோ, என் காலு" என்று முனகினார். கால் கட்டைவிரல் வீங்கிப்போயிருக்கிறதாம். மெர்லுக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

"கௌட்டா, அந்தக் கீல்வாதமா?"

"மூணு வாரமா உயிர் போகுது, மெர்ல்."

"புளிப்புச் செர்ரிச் சாறு குடிய்யா. காலையில இவ்ளோ, ராத்திரி இவ்ளோ." கையை வீசிக் காட்டியதெல்லாம் டம்ளரின் அளவு!

சொல்லிக்கொண்டே வோராலின் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கி, தானே குனிந்து, தான் எத்திய மண்ணைத் தானே கூட்டிச் சுத்தம் செய்துவிட்டார். பிறகு நிமிர்ந்து மெதுவாகச் சொன்னார், "சரி, இப்ப என்னை வெளியே அனுப்பு."

"உன்னையா? எனக்கு வேலை செஞ்சு குடுத்திருக்கியேய்யா!"

"ஊரே பாக்குது. அனுப்பலேன்னா என் வேலை போயிடும். உனக்குப் புண்ணியமாப் போகும்."

வோரால் நல்ல மனுஷன். ஒற்றைக் காலில் நின்றபடி கையை வீசினார் பார், பறவை கூட அப்படிச் சிறகை வீசாது. கூட்டம் கூரையைப் பிய்த்தது. பையன்கள் கொதித்துப்போய் அடுத்தடுத்து அடித்தார்கள், நான்கு பேர் ஓடிவந்து ப்ளேட்டைத் தொட்டு ரன் எடுத்தார்கள், ஜெயித்துவிட்டோம்! வெளியேற்றப்பட்டவர் உள்ளே இருக்கக் கூடாது அல்லவா, மெர்ல் என் காரில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது ஹாரனை அமுக்கியபடி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

அதற்குள் ஹ்ருஸ்கா அந்தப் பக்கம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறார்: "பாத்தீங்களா? இந்த ஆளு வெளிய போன உடனே ஜெயிச்சுட்டோம்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" சொன்னால் நம்பமாட்டாய், எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். காருக்குள்ளிருந்து மெர்லும் ஆட்டுகிறார். "அவர் சொல்றதும் சரிதானே, ஆர்வில் அண்ணே" என்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டக்காரன் பந்தை விட்டால் மேனேஜர் தலை, மழை பெய்தால் மேனேஜர் தலை, ஜெயித்தாலும் மேனேஜர் தலையா? இது எந்த ஊர் நியாயம்? எங்கள் பிள்ளைகள் பறந்து போன பிறகு இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பேச்சுக் குரல் கேட்பது இந்த ஒரு கோடையில்தான். தோல்வியைத்தான் பேசுகிறோம், ஆனாலும் பேசுகிறோம். அவர் போய்விட்டால் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும். அவருக்கு இதை விட்டால் வேறு அணி கிடைக்காது. ஆகவே உன் காலில், அதாவது நல்ல காலில், விழுந்து கேட்கிறேன்: அவரை நீக்காதே. அணிக்காக இல்லாவிட்டாலும் தம்பிக்காக.

கடவுள் உன் முழங்காலைச் சீக்கிரம் மடக்கி நீட்ட வைக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். ட்ரூடியின் அன்பும் நாயின் வாலாட்டலும் இத்துடன்.

என்றும் உன் பாசமுள்ள தம்பி,
ஆர்வில்

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது ஹ்ருஸ்கா போன் செய்தார். மெர்லை நீக்கினால், இந்த ஆட்டப் பருவம் முடியும்வரை என்னையே மேனேஜராகப் போட யோசிக்கிறார்களாம். என்னை, அக்கா! கம்பி வலைக்குப் பின்னால் ஆயுசெல்லாம் கத்தியவனை! மேலே எழுதியதெல்லாம் சத்தியம்தான், ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே. சும்மா எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று துணி துவைக்கும் அறையில் தொங்கிய மெர்லின் சீருடையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கதவைத் திறந்து மெர்ல் வந்துவிட்டார். பூமி பிளக்காதா என்றிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. அருகே வந்து என் காலரை நேராக்கி, மாட்டாத பட்டனை மூச்சை இழுக்கச் சொல்லி மாட்டிவிட்டார். உன் இஷ்டப்படி ஓட்டுப் போடு, அக்கா, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எது நடந்தாலும் கீழ் அறை அவருக்குத்தான். ஒருவேளை என்னைப் போடுவதானால் சீருடை அளவு நாற்பத்து நான்கு என்று மெர்லே எழுதச் சொன்னார். துவைத்தால் சுருங்குமாம்.