மண்ணுக்குக் கொடுத்த சேலை

வத்தளையில் இருக்கும் என் பெருமதிப்புக்குரிய நாகேஸ்வரி அக்காவுக்கு, வெள்ளவத்தையிலிருந்து தம்பி நாகேந்திரம் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம், உங்கள் சுகத்தையும் வேண்டுகிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே புத்தி சொல்லத் தொடங்குவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் மகள் மயூரி பல்கலைக்கழகத்தில் மண் பற்றீரியாக்களை ஆராய்கிறாள் அல்லவா, அதற்காகப் பாமன்கடைத் தோட்டமொன்றிலிருந்து மண் கொண்டுவந்து வாளியில் போட்டு எங்கள் பல்கனியில் வைத்தாள், அதற்குள் புதைத்து எவ்வளவு உக்குகிறது என்று பார்க்கச் சுத்தமான பருத்தித் துணி கேட்டாள், நானும் பெருமையோடு என் வேட்டியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். சில கிழமை கழித்துத் தோண்டினால் அது கொஞ்சமும் உக்காமல் சலவைக்குப் போய்வந்ததுபோல இருந்தது.

"அப்பா, இது பொலியெஸ்டர். கடைக்காரன் உங்களை ஏமாத்திப் போட்டான்," என்றாள்.

இதற்கிடையில் மண் காயக்கூடாதென்று நான் ஊற்றிய தண்ணீர் கீழ்வீட்டுப் பஹ்மியாவின் வெள்ளைப் பெட்ஷீட்டில் வடிந்துவிட்டது. அவர் மேலே வந்தார்.

"அங்கிள், ஒங்கட தோட்டம் எங்கட பெட்ஷீட்டில மொளைக்கப் போகுது."

மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னேன். "பருத்தியா? நேசமலர் ஆன்ட்டி வீட்டில உடுத்த சாரியெல்லாம் பருத்திதானே," என்றார். அவர் போகும்வரை மயூரியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

என் நேசமலர் கண்மூடி இரண்டு வருடமாக அந்த அலுமாரியை நான் திறந்ததில்லை, உங்களுக்குத் தெரியும். அன்று திறந்து, அவள் சமைக்கும்போது உடுத்த கிழிந்த சேலையை எடுத்துக் கொடுத்தேன். மயூரி கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாமப்பா."

"வெட்டு பிள்ளை," என்றேன்.

போன கிழமை தோண்டியபோது ஓரம் தைத்த நூல் மட்டும்தான் மிச்சம்.

"எங்க போட்டுது?" என்று கேட்டேன்.

"பற்றீரியா ஒரு நொதியம் சுரக்கும். அது நாரைச் சின்னச் சின்னச் சீனியா வெட்டும். அதைச் சாப்பிட்டுத்தான் அதுகள் வளருதுகள்." பிறகு மெதுவாக, "அம்மா ஆரையும் பசியில விடமாட்டா தானே," என்றாள்.

இருவரும் சிரித்துவிட்டோம். நேசமலரைப் பற்றிக் கதைத்து இந்த வீட்டில் சிரித்தது அதுதான் முதல் தடவை. மண்ணுக்கே உதவுகிற துணியை நான் எதற்காகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தது சரி அக்கா. ஞாயிற்றுக்கிழமை பெரிய பையோடு வாருங்கள். எல்லாச் சேலைகளையும் எடுத்துப்போய்த் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுங்கள்.

அத்தானை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்கும் தம்பி,
நாகேந்திரம்

பி.கு.: ஞாயிறு சாப்பிட மட்டும் வாருங்கள். பை வேண்டாம். அடுக்கி வைப்போம் என்று அலுமாரியைத் திறந்தேன். மஞ்சள் சேலையின் தலைப்பில் அவள் குத்திய சேஃப்டி பின் அப்படியே இருக்கிறது. கழற்றக் கை வரவில்லை. திரும்பவும் பூட்டிவிட்டேன். திறப்பை மயூரியின் கையில் கொடுத்துவிட்டேன். அவளிடமும் கேட்காதீர்கள்.