தலைக்கு ஐம்பது ரூபாய்

பணி ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரியின் கையில் கால்குலேட்டர் இருக்கலாம், வைப்புத்தொகையும் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது. என்னிடம் இருந்தன.

அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயதுதான், விவரம் போதாத பருவம். எங்கள் காலனி தனசேகர் ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர். தாம்பரத்தைச் சுற்றியுள்ள எட்டுக் கல்லூரிகளைச் சேர்த்து ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பு தொடங்கியிருந்தார். அதற்கு இணையத்தில் சொந்தமாக ஒரு டிவி சேனல் வேண்டுமாம். கேமரா, வர்ணனை எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்; பணம் போடுபவருக்கு விளம்பர வருமானம். ஒழுகுகிற சமையலறைச் சுவருக்காக நான் போட்டு வைத்திருந்ததும் ஒரு லட்சம். (தொகை இப்படிப் பொருந்தினால் எனக்குக் கை அரிக்கும்.)

"சுவர் என்னாறது?" என்றாள் மனைவி.

"வர்ற லாபத்துல கிரானைட்டே போட்டுடலாம்."

விளம்பரத்துக்குத் திருமுடிவாக்கத்தில் பீரோ செய்யும் ரஹ்மத்துல்லா பாய் கிடைத்தார். "சார், மொத்தமா அறுபதாயிரம் தரேன். வச்சுக்குங்க" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் விலை பிறகுதான் தெரிந்தது. கூட்டமைப்பின் முதல் போட்டிகளில் இறுதி நாளன்று ஆட வருபவர்கள் நானூற்று எண்பது பேர். வீட்டுக்கு ஐந்து பேர் பார்த்தால் இரண்டாயிரத்து நானூறு. "மொத்தம் வேணாம் பாய். சேனல்ல பாக்கறவங்க தலைக்கு ஐம்பது ரூபா குடுங்க." பாய் யோசிக்காமல் கை கொடுத்தார். ஒப்பந்தத்தை நானே மூன்று பிரதி எழுதினேன்.

இறுதி நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் மைதான வாசலில் நின்று வந்தவர்களை எண்ணினேன். அப்பா, அம்மா, தங்கை, மாமா, டிபன் கேரியர். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பெருமையில் மோர் வாங்கிக் குடித்தேன்.

கேமராக்காரர் சரவணன் தன் போனை நீட்டினார். "சார், பதினொண்ணுதான் காட்டிகினு கீது."

"ஆயிரத்துலயா?"

"இல்ல சார். ஆளுங்க."

என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய அத்தனை பேரும் மைதானத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். போன்களையும் கொண்டுவந்திருந்தார்கள், பிள்ளைகளைப் படம் பிடிக்க.

வரிசை வரிசையாகப் போய்க் கெஞ்சினேன். "கொஞ்சம் போன்ல நம்ம சேனலைத் திறங்கம்மா."

மாடம்பாக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல வந்து நேர்லயே பாத்துட்டிருக்கோம். போன்ல வேற எதுக்கு சார்? நீங்க கொஞ்சம் நகருங்க, பையனை மறைக்குது."

நகர்ந்தேன். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. அதில் மூன்று என் வீட்டுப் போன்கள்.

மறுநாள் பாய் ஐந்நூற்றைம்பது ரூபாயைக் கவரில் போட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். "என் போனையும் சேத்துத்தான் சார். கழிச்சுக்கணுமா?" நஷ்டம் தொண்ணூற்றொன்பதாயிரத்து நானூற்றைம்பது. தனசேகர் மட்டும் பூரித்துப் போயிருந்தார். "கூட்டத்தைப் பாத்தீங்களா சார், சேனலுக்கு என்னா வரவேற்பு" என்றார்.

இரண்டு மழைக்காலம் சமையலறையில் பிளாஸ்டிக் தாள் தொங்கியது. மூன்றாவது வருடம் மகன்தான் சுவரைச் சரிசெய்தான். கிரானைட் பற்றி யாரும் பேசவில்லை, என் எதிரில்.

போன மாதம் பேத்தியின் காதுகுத்துக்குச் சமையல்காரர் பேச வந்தார். "இலைக்கு இவ்ளோன்னு போட்டுக்கலாமா, மொத்தமா பேசிக்கலாமா சார்?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அவரைக் கேக்காதீங்க. அவர் எண்ணிட்டாருன்னா வர்றவங்க எல்லாம் அவங்கவங்க வீட்லயே சாப்பிட்டுடுவாங்க."