நிம்மதிபுரியின் மொத்த மக்கள்

நிம்மதிபுரி என்று ஒரு நாடு இருந்தது. அங்கே போக ஏழு கடல், ஏழு மலை எல்லாம் தாண்ட வேண்டியதில்லை, பஸ் இருக்கிறது. எந்த பஸ் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அந்த நாட்டில் மக்களாட்சி நடந்தது. மழை வராத வரைக்கும் ஓட்டைக் கூரையிலும் குறை தெரியாது அல்லவா, அந்த மாதிரி மக்களாட்சி. தேர்தலில் தோற்றவர்கள் வென்றவர்களைத் திருடர்கள் என்றார்கள். வென்றவர்களும் தோற்றவர்களைப் பற்றி அதையே சொன்னார்கள். இரு தரப்பும் உண்மை பேசியதால் நாட்டில் ஒரு சமநிலை நிலவியது.

சபைக் கட்டடத்துக்கு எதிரே பொன்னுரங்கம் பஜ்ஜிக் கடை வைத்திருந்தான். உள்ளே சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் வெளியே வந்து அவன் கடையில் ஒரே சட்னியைத் தொட்டுக்கொண்டார்கள். அரசியல் என்றால் இவ்வளவுதான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அது ஒரு பொற்காலம் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. பொற்காலங்களுக்கு அந்தக் குணம் உண்டு.

அந்தச் சமயத்தில் வாகீசனார் என்பவர் மயிரிழையில் ஜெயித்துத் தலைவரானார். அவர் தலைமையேற்ற முதல் கூட்டத்தில் ஓர் ஆடு சபைக்குள் நுழைந்து, மேசை மேலிருந்த மசோதாவைத் தின்றுவிட்டது.

"ஆடு தானாக வரவில்லை. அனுப்பப்பட்டிருக்கிறது" என்றார் தலைவர், கனத்த குரலில்.

"கதவு திறந்து கிடந்துச்சுங்க" என்றார் எதிர்க்கட்சித் தலைவர்.

"கதவு திறந்து கிடந்தது இவருக்கு எப்படித் தெரியும்?"

சபை அதிர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவரே ஒரு கணம் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டார். அது வெயிலுக்கு ஒதுங்கிய ஆடு என்று பொன்னுரங்கத்துக்குத் தெரியும். அவன் கடை வாழைக்காய்த் தோலைத் தின்றுவிட்டுத்தான் அது உள்ளே போனது. ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் வாயைத் திறக்காதிருப்பது அவன் குடும்பச் சொத்து.

ஆட்டுச் சதியை முறியடிக்கும் வரை, தற்காலிகமாக, காவல் படை பெருக்கப்படும் என்று ஆணை வந்தது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு நிம்மதிபுரி அகராதியில் அன்றுவரை வேறு பொருள் இருந்தது.

காவல் தளபதி கடம்பநாதன் பஜ்ஜி தின்றபடியே அடுத்த ஆணையை விளக்கினார்: "நீதிபதி ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம். ஜனங்களுக்கு எவ்வளவு அலைச்சல்! நீதிபதிங்களுக்கும் தொப்பி குடுத்துட்டோம். இனிமே பிடிக்கிறதும் தீர்ப்பும் ஒரே கவுன்ட்டர்ல."

"நல்ல வசதிங்கய்யா" என்றான் பொன்னுரங்கம்.

"எல்லாம் உங்களுக்காகத்தான்யா" என்று மீசையைத் துடைத்துக்கொண்டு நடந்தார் தளபதி. காவலர்கள் கடையில் காசு கொடுப்பது அந்நாட்டில் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

பிறகு பத்திரிகை ஆசிரியர்களுக்குத் தொப்பி வந்தது. அவர்கள் செய்திக் காவலர் ஆனார்கள். வாத்தியார்கள் பாடக் காவலர் ஆனார்கள். எதிர்க்கட்சித் தலைவரை எதிர்ப்புக் காவலர் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் எதிர்த்தார். நாளடைவில் சல்யூட் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. தொப்பிக்காரர்களுக்கே ரேஷன் அரிசி என்று அறிவித்த அன்று, பால்காரர், பூக்காரி, கோயில் குருக்கள், அவர்களை இத்தனை நாள் துரத்திய கடன்காரன் என்று ஊரே ஒரே வரிசையில் நின்றது. பொன்னுரங்கத்தின் மனைவி மரிக்கொழுந்தும் நின்றாள். கெட்டிக்காரி, சீக்கிரமே ஏட்டாகிவிட்டாள்.

பொன்னுரங்கம் சேரவில்லை. இதை வீரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காவலர் அணிவகுப்பு விடிவதற்கு முன் நடந்தது. அவனுக்கோ வெயில் முகத்தில் அடித்தால்தான் கண் திறக்கும். நாளைக்குச் சேரலாம், நாளைக்குச் சேரலாம் என்று தூங்கித் தூங்கியே அவன் ஒரு நாள் நாட்டின் மொத்த மக்களாகிப் போனான்.

மக்கள் என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு காவலரும் மாதம் ஒரு குற்றமாவது பிடித்தாக வேண்டும். மக்கள் நிறையப் பேர் இருந்த காலத்தில் இது ஊர் முழுக்கப் பரவலாக நடந்தது. இப்போது எல்லாக் காவலர்களும் ஒரே கடைக்கு வந்தார்கள்.

"சட்டவிரோதமாக் கூட்டம் கூடியிருக்க" என்றார் ஒருவர்.

"நான் ஒருத்தன்தானே சார் நிக்கறேன்?"

"நீதானய்யா மொத்த மக்கள்? நீ நின்னாலே மக்கள் கூட்டம்தான். கலைஞ்சு போ."

கலைந்து போனான். எப்படிக் கலைவது என்று தெரியாமல் கையையும் காலையும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு நடந்தான். நடக்கும்போது தனக்குத்தானே முணுமுணுத்ததற்கு, வதந்தி பரப்பியதாக அடுத்த தெருவில் இன்னொரு வழக்கு விழுந்தது.

மரிக்கொழுந்துக்கு மக்கள் கண்காணிப்புப் பிரிவில் வேலை. அதாவது, புருஷனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் புருஷனாகப் பார்க்கக் கூடாது. 'மக்கள் உண்டனர், மக்கள் உறங்கினர், மக்கள் குறட்டை விட்டனர், குறட்டையில் அரசுக்கு எதிராக ஏதுமில்லை' என்று தினமும் அறிக்கை அனுப்புவாள்.

"மக்களே, குளிச்சாச்சா?" என்பாள் காலையில்.

"புள்ள, பேரைச் சொல்லிக் கூப்பிடேன்."

"கூப்பிட்டா அது சலுகை காட்டினதா ஆயிடும். வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க மக்களே." ஆனால் தன் தட்டிலிருந்த ரேஷன் சோற்றில் பாதியை அவன் தட்டில் தள்ளிவிடுவாள். அது அறிக்கையில் வராது.

இப்படி இருக்கையில் தலைவருக்கு ஒரு குறை வந்தது. அவரை மக்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்று அண்டை நாடுகளுக்குத் தெரியவில்லையாம். 'தலைவர் வேண்டுமா, வேண்டாமா' என்று ஒரு தேர்தல் வைத்துவிடுவதென முடிவானது. காவலர்கள் வாக்களிக்கக் கூடாது என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. மற்ற சட்டங்களை ஒழிக்கும் மும்முரத்தில் அதை ஒழிக்க மறந்துவிட்டார்கள். ஆகவே நாட்டில் ஒரே ஒரு வாக்கு.

மைதானத்தில் மாபெரும் பொதுக்கூட்டம் நடந்தது. நடுவில் ஒரு நாற்காலி, அதில் பொன்னுரங்கம், அவனைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாதுகாப்பு.

"கடலெனத் திரண்டிருக்கும் என் மக்களே!" என்றார் வாகீசனார்.

பொன்னுரங்கம் திரும்பிப் பின்னால் பார்த்தான். பிறகு கால் மேல் போட்டிருந்த காலை எடுத்தான்.

"உங்கள் கோரிக்கை எதுவானாலும் கேளுங்கள். நான் உங்கள் வேலைக்காரன்!"

எழுதிக் கொடுத்த பேச்சில் அந்த இடத்தில் கைதட்டல் என்றுதான் இருந்தது. ஆனால் பொன்னுரங்கம் எழுந்துவிட்டான்.

"அய்யா, எங்க வீட்டு ஏட்டம்மாவுக்கு ஒரு நாள் லீவு வேணுங்க. ஒரே கூரையிலதான் இருக்கோம். ஆனா அவ என்கூடப் பேசினா அதையும் எழுதணுமாம். ஒரே ஒரு நாள், எழுத வேண்டாத மாதிரி…"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தீர்களா! காவலுக்கு விடுப்புக் கொடுங்கள் என்று மக்களே கேட்கிறார்கள் என்றால், எதிரி அவர்கள் மனம் வரைக்கும் ஊடுருவிவிட்டான். இன்று முதல் மக்களுக்கு இரட்டைக் காவல்!"

அன்று முதல் அவர்கள் வீட்டில் இன்னொரு காவலர் வந்து தங்கினார். சாப்பிடும்போது கணவன் மனைவிக்கு நடுவில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான்; ஆனால் சோற்றைத் தள்ளிவிட இடமில்லாமல் போனது.

பஜ்ஜிக் கடையே வாக்குச்சாவடி. அடுப்பை அணைத்து, திரை கட்டி, தேர்தல் காவல் ஆய்வாளர் நீலமேகம் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மரிக்கொழுந்து பொன்னுரங்கத்தை அழைத்துவந்தாள். இரண்டாம் காவலர் தும்மிய இடைவெளியில் அவன் காதருகே சொன்னாள்:

"யோவ், நல்லாக் கேட்டுக்க. உன் அபிப்பிராயத்துக்குப் பொறுப்பு நானு. மாத்திக் குத்தினா என் தலைதான் உருளும்."

"எனக்குத் தெரியாதா புள்ள? 'வேண்டும்'ல குத்திட்டு வரேன்."

"ரகசிய வாக்கெடுப்பு" என்றார் நீலமேகம் கம்பீரமாக. "யார் யாருக்குப் போட்டாங்கன்னு ஈ காக்காய்க்குத் தெரியாது. போங்க மக்களே."

திரைக்குப் பின்னால் போன பிறகுதான் வினை. எத்தனையோ காலம் கழித்து, அங்கே அவனை யாரும் பார்க்கவில்லை. மேசையில் சீட்டு, சீட்டில் 'வேண்டும்', 'வேண்டாம்'. 'வேண்டும்' மேல் குத்தத்தான் முத்திரையை எடுத்தான். ஆனால் தனிமை பொல்லாத பழக்கம். கை கொஞ்சம் தள்ளிப்போய் இறங்கியது. சீட்டைப் பெட்டியில் போட்டு வெளியே வந்து, மரிக்கொழுந்தின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உருளப்போவது யார் தலை என்று நினைவு வந்தது.

வாக்கு எண்ணிக்கை வெகு சீக்கிரம் முடிந்தது. நீலமேகம் சீட்டை நேராகப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு தளபதியிடம் ஓடினார்.

கடம்பநாதன் பதறவில்லை. அவர் பெரிய அனுபவசாலி. அந்த இடத்திலேயே பொன்னுரங்கத்தின் தலையில் ஒரு தொப்பியை வைத்து, "நேத்துலேருந்தே நீ காவலர்" என்றார். காவலருக்கு வாக்கு கிடையாது. ஆகவே அந்த வாக்கு செல்லாது. 'தலைவருக்கு எதிராக ஒரே ஒரு செல்லுபடியான வாக்குகூட விழவில்லை' என்று வானொலி முழங்கியது. பொய்யென்று சொல்ல அதில் ஒரு சொல்லும் இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வாகீசனாருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அணிவகுப்பில் அவரே மேடையேறினார்.

"பெட்டியில் 'வேண்டாம்' என்று ஒரு சீட்டு இருந்திருக்கிறது. காவலர்கள் வாக்களிப்பதில்லை. அப்படியென்றால்" என்று குரலைத் தாழ்த்தினார், "உங்களில் யாரோ ஒருவர் மக்கள்."

அத்தனை வரிசைகளும் சில்லிட்டுப் போயின. பொன்னுரங்கத்தை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள், பாதித் தூக்கத்தில். அந்த ஒரு வாக்கியத்தில் அவனுக்கு முழுசாக விழிப்பு வந்துவிட்டது.

"கண்காணிப்பு ஏட்டு முன்னால வா!" என்றார் தளபதி. மரிக்கொழுந்து வரிசையை விட்டு வெளியே வந்து நின்றாள்.

பொன்னுரங்கம் கையைத் தூக்கினான். "அய்யா, நான்தாங்க. நான்தான் போட்டேன்."

"முட்டாள்! முந்தாநாளே உன்னைச் சோதிச்சுப் பார்த்து எடுத்திருக்கோம். நீ மக்கள்னா உன்னை எடுத்த அரசாங்கம் தப்புப் பண்ணிடுச்சுன்னு ஆகும். அரசாங்கம் தப்புப் பண்ணாது. வேற ஆளைக் காட்டு. இல்லேன்னா இவதான்" என்றார் தளபதி.

"மக்கள்னா எப்படிங்கய்யா கண்டுபிடிக்கிறது?"

நியாயமான கேள்விதான். தளபதி சட்டத்தை நினைவிலிருந்து சொன்னார்: "தலையில் தொப்பி இல்லாதவர் எவரோ, அவரே மக்கள்."

ஆயிரக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் தலைகளைத் தொட்டுப் பார்த்தன. எல்லாத் தலைகளிலும் தொப்பி இருந்தது. மரிக்கொழுந்து தலையிலும் இருந்தது. ஆனாலும் இரண்டு காவலர்கள் அவள் தோளைப் பிடித்துவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப முடியாது. அன்று மாதக் கடைசி.

பொன்னுரங்கம் வரிசை வரிசையாகப் பார்த்தான். காக்கித் தொப்பி, காக்கித் தொப்பி, காக்கித் தொப்பி. பார்வை தரையில் முடிந்து மேடைக்கு ஏறியது. அங்கே காலைக் காற்றில், பன்னீர் தெளித்து வாரிய அழகான தலைமுடி ஒன்று அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது.

அவன் விரலை நீட்டினான்.

"அதோ!"

எல்லாரும் பார்த்தார்கள். முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு, அந்த மாதம் ஒரு குற்றமும் பிடிக்காத ஓர் இளைத்த காவலர், மரிக்கொழுந்தின் தோளை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வைத்தார். அவர் ஓர் அடி வைத்ததும், தனக்குக் கிடைக்க வேண்டிய வழக்கு அவருக்குப் போய்விடுமோ என்று பக்கத்து ஆள் இரண்டு அடி வைத்தார். அதற்குப் பிறகு அடிகளுக்குக் கணக்கில்லை.

"டேய்! நான் யார் தெரியுமாடா?" என்று கத்தினார் வாகீசனார், சட்டைக் காலரைக் காவலர்களின் பிடியிலிருந்து விடுவிக்கப் பார்த்தபடி. "நான்தான்டா தலைவன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வானுங்க. எதுவா இருந்தாலும் ஸ்டேஷனுக்கு வந்து பேசு" என்றார் இளைத்த காவலர்.

அவரை அள்ளிக்கொண்டு போன பின், மேடை கொஞ்ச நேரம் காலியாக இருந்தது. யாரும் கைதட்டவில்லை. இனி என்ன செய்யலாம் என்று யாருக்காவது ஒரு யோசனை வந்திருந்தால் அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டும். மரிக்கொழுந்து நழுவி வந்து பொன்னுரங்கத்தின் பக்கத்தில் நின்றாள். "யோவ் பொன்னுரங்கம்" என்றாள், பேரைச் சொல்லி. மேற்கொண்டு பேச அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கடம்பநாதன் தொப்பியின் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக மேடையேறினார். தொண்டையைச் செருமினார்.

"தோழர்களே! அதிர்ச்சியான ஒரு உண்மை வெளிவந்திருக்கிறது. இத்தனை காலமும் நம் நாட்டை ஆண்டுகொண்டிருந்தது வேறு யாருமல்ல, மக்கள்! அந்தச் சதி இன்று காலை வெற்றிகரமாக முறியடிக்கப்பட்டது."