கேட்டைத் திறக்கும் குச்சி

எங்கள் வீட்டு கேட்டைத் திறக்க ஒரு குச்சி இருக்கிறது.

வேப்பங்குச்சி. ஒன்றரை முழம். மதிலில் ஆணியடித்து மாட்டியிருப்போம். அதால் தாழ்ப்பாளைத் தள்ளி, அதாலேயே கேட்டையும் தள்ள வேண்டும். கையால் தொட்டால் ஷாக் அடிக்கும். "யார் நீ?" என்று கேட்கிற அளவுக்குத்தான். மழை நாளில் கொஞ்சம் அதட்டிக் கேட்கும்.

மூன்று வருஷமாக இப்படித்தான். பால்காரருக்கும் போஸ்ட்மேனுக்கும்கூடக் குச்சி பழகிவிட்டது. கேட்டின் மேல் இரும்பு வளைவில் ஒரு விளக்கு. அதற்குப் போகிற ஒயர் அப்பா காலத்தது. மேலுறை உரிந்து இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இது எனக்குத் தெரியும்.

இத்தனைக்கும் நான் நாற்பது வருஷமாகப் பத்திரிகையில் குழந்தைகள் பக்கம் எழுதுகிறவன். "ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதீர்கள், குட்டிகளே" என்று மட்டும் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன்.

போன வாரம் திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வரோம்ப்பா. இப்ப நல்லா நடக்கறா. எதைப் பாத்தாலும் புடிச்சுத் தொங்கறா. கேட்டு சரியாயிடுச்சா?"

"அதான் குச்சி இருக்குதே கண்ணு."



"ரெண்டு வயசுப் பிள்ளைகிட்டக் குச்சியில தொறன்னு சொல்லுவீங்களா? சரியாகலைன்னா வர்ற வழியில கோபாலபுரம் செக்போஸ்ட்டோட திரும்பிக்கறோம்."

பேத்தியைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது. அன்றைக்கே எலக்ட்ரீசியன் கனகராஜைக் கூப்பிட்டேன். அவர் சனிக்கிழமை காலையில் வந்தார். அதற்குள் நான் ஒயர் போகிற வழியைப் படமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, வண்ணமும் தீட்டி வைத்திருந்தேன்.

"படம் அருமைங்க. முருங்கை மரத்துல கிளியெல்லாம் இருக்குது" என்றார் கனகராஜ். "மெயினை ஆஃப் பண்ணுங்க."

பண்ணினேன். கேட்டில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது.

"ஆஃப் பண்ணலீங்களா?"

"பண்ணிட்டனே."

அவரே உள்ளே போய்ப் பார்த்தார். நம்பிக்கை வராமல் பியூஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுபடி டெஸ்டரை வைத்தார். அது இன்னும் சந்தோஷமாக எரிந்தது.

கனகராஜ் கேட்டையும் என் சட்டைப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தக் கரண்டு உங்க ஊட்டுது இல்லீங்க."

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். படத்தில் நான் வரைந்தபடி அது என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. முருங்கை மரத்துக்குள் புகுந்து, நடுச்சுவரைத் தாண்டி, அண்ணன் வீட்டுக்குள் போனது.

அண்ணனும் நானும் பாகம் பிரித்துப் பதினெட்டு வருஷம். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினோம். முன்வாசல் எனக்கு, களத்துப் பக்கம் அவருக்கு; இரண்டு கேட்டும் ஒரே தெருவில்தான். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் பேச்சு. தேவை வருஷத்துக்கு இரண்டு வரும்.

கூப்பிட்டதும் அண்ணன் வெளியே வந்தார். தன் கேட்டைத் திறந்தார். ஒரு முழ பிளாஸ்டிக் பைப்பால்.

"உங்க கேட்டும் அடிக்குதுங்களா அண்ணா?"

"மூணு வருசமா. நீதான் என்னமோ பண்ணி வெச்சிருக்கேன்னு பேசாம இருந்தேன்."

கனகராஜ் பியூஸைத் திரும்ப மாட்டி மெயினைப் போட்டார். எங்கள் இருவரையும் அவரவர் வீட்டில் கேட்டு விளக்கின் சுவிட்சைப் போடச் சொன்னார். முதலில் நான் போட்டேன். என் விளக்கு எரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல் கேட்டது.

"எங்கூட்டு லைட்டு எரியுதுடா."

பிறகு அவர் போட்டார். என் விளக்கு எரிந்தது.

அப்பா செய்த ஏற்பாடு அது. முன்வாசலில் இருந்தபடியே களத்து விளக்கைப் போடலாம், களத்தில் இருந்தபடியே முன்வாசல் விளக்கைப் போடலாம். வீட்டைப் பிரித்த நாங்கள் ஒயரைப் பிரிக்கவில்லை. கோயில் மணி ஆறரைக்கு அடித்ததும் இரண்டு வீட்டிலும் சுவிட்ச் போடுவது வழக்கம். பதினெட்டு வருஷமாக அவர் விளக்கை நானும், என் விளக்கை அவரும் ஏற்றிவந்திருக்கிறோம்.

அண்ணன் பழனிக்குப் போகும்போதெல்லாம் என் விளக்கு எரியாது. நான் பல்பை மாற்றுவேன். அவர் திரும்பிய அன்று எரியும். புது பல்பு சூடேற இரண்டு நாள் ஆகும் என்று மனைவிக்கு விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"சுவிச்சு வேற தப்பான கம்பியில கோத்திருக்குதுங்க" என்றார் கனகராஜ். "ஆஃப் பண்ணினா லைட்டு அணையும். கரண்டு கேட்டுலயேதான் நிக்கும். இது தெரியாமயா பாகம் பிரிச்சீங்க?"

"லிஸ்ட்டு எழுதினது இவன்" என்றார் அண்ணன். "ஒரல் ஒண்ணு, விளிம்பு ஒடைஞ்சதுன்னு எழுதினான். ஒயரை உட்டுட்டான்."

பழைய ஒயரை அறுக்க இரண்டு வீட்டு மெயினும் ஆஃபாக இருக்க வேண்டும்.

"நான் மரத்து மேல இருக்கறப்ப யாராச்சும் போட்டுட்டீங்கன்னா?"

"இவன் போட்டாலும் போடுவான்" என்றார் அண்ணன்.

"அண்ணாவுக்குப் பதினோரு மணிக்கு சீரியல் இருக்குதுங்க" என்றேன் நான்.

கனகராஜ் யோசித்தார். என் பியூஸை அண்ணன் மடியில் கட்டச் சொன்னார். அண்ணன் பியூஸை என் பையில் போடச் சொன்னார். இருவரையும் முருங்கை மரத்தடியில், தன் கண்ணில் படும்படி உட்காரவைத்துவிட்டு மேலே ஏறினார். ஃபேனும் இல்லை, டிவியும் இல்லை. வேறு வழியில்லாமல் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணிக்குள் அவரவர் வீட்டிலிருந்து அவரவர் கேட்டுக்குப் புது ஒயர், குழாய்க்குள் பத்திரமாக வந்தது. எர்த்தும் கொடுத்தார். ஷாக் அடித்தால் தானே அணைகிற சுவிட்சும் வைத்தார். டெஸ்டர் எரியவில்லை. கனகராஜ் கேட்டில் உள்ளங்கையை அழுத்திக் காட்டினார்.

"நீங்களும் வெச்சுப் பாருங்க."

"நீங்க வெச்சதே போதுமுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. ஓடிப்போய் கேட்டைத் திறந்தேன்.

மகள் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"அப்பா, கையில என்ன?"

பார்த்தேன். குச்சி.

"சரியாயிடுச்சு கண்ணு. இது சும்மா, பழக்கம்."

"அப்ப தொடுங்க பாக்கலாம்."

நேற்றே தொட்டிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, குச்சியைக் கீழே போட்டு, இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் தன் கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பைப்.

மகள் சிரித்துக்கொண்டே பேத்தியை இறக்கிவிட்டாள். பேத்தி கேட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து குச்சியை எடுத்து, கேட்டை அதால் கவனமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள்.

நாற்பது வருஷத்தில் நான் காட்டியதை அப்படியே செய்து பார்த்த முதல் குழந்தை.