இடிந்த வீட்டுக்குக் கூரை

எரிமலைகள் எத்தனையோ வெடித்திருக்கின்றன. ஆனால் எங்கள் மலையைப் போலப் பொதுநல நோக்கோடு வெடித்த மலை ஜாவாவில் இன்னொன்று கிடையாது. அதற்கு முன் நாங்கள் வெறும் மாட்டுக்காரர்கள். புல் அறுத்தோம், பால் கறந்தோம், அநாகரிகமாக நிம்மதியாக இருந்தோம். இன்றோ வீட்டுக்கு ஒரு ஜீப் நிற்கிறது. வெளிநாட்டாருக்குச் சூரியோதயம் காட்டுகிறோம். ஆற்றுமணலில் வண்டியைக் குதிக்க விட்டு அவர்களை அலற வைக்கிறோம். கமெலான் என்ற எங்கள் வெண்கல வாத்தியங்களைத் தட்டிக் காட்டுகிறோம். எல்லாவற்றுக்கும் சிகரம் 'பேரிடர் தரிசனம்'. அதாவது, துகினெம் அக்காவின் இடிந்த வீடு.

கூரை போய், சுவர் கருகி, முற்றத்தில் உருகி வளைந்த சைக்கிளோடு அப்படியொரு அம்சமான நாசம் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை. ஜீப் சங்கத்தின் செயலாளரும் மொழிபெயர்ப்பாளருமான நான் இதைப் பெருமையோடு சொல்கிறேன். அக்கா புருஷனை இழந்தவள். மகள் சுமினியோடு தங்கையின் மாட்டுக்கொட்டகையில் குடியிருந்தாள். படம் எடுக்க வண்டிகள் நிற்கலாமா என்று முன்பு கேட்டபோது, "நின்னுட்டுப் போங்கப்பா, யாரு வேணாங்கறது?" என்றாள். அந்தப் பெருந்தன்மையைச் சங்கம் அன்றே நிரந்தரத் தீர்மானமாக நிறைவேற்றிக்கொண்டது.

ஒரு நாள் அக்கா சங்கத்துக்கு வந்தாள்.

"சுமினிக்குக் கல்யாணம் கூடியிருக்கு. சடங்குப்படி மாப்பிள்ளை பொண்ணு வீட்டு வாசல்லதானே முட்டையை மிதிச்சு உடைக்கணும்? மாட்டுக்கொட்டாயிலயா மிதிப்பாரு? கூரை போடணும். எல்லாரும் ஒரு நாள் கை குடுங்க."

தலைவர் ஹர்ஜோ ஆடிப்போனார். "கூரையா! கூரை போட்டா அது வெறும் வீடாயிடுமே அக்கா!"

"வீடுதானேடா அது?"

"முன்னாடி வீடு. இப்ப பாரம்பரியம்."

"நல்லா இருக்கே நியாயம்! அப்ப உன் வீட்டை இடிச்சு வச்சுக்கயேன், பாரம்பரியமா."

தலைவர் அந்த யோசனையைப் 'பரிசீலனைக்கு' எடுத்துக்கொண்டார். அக்கா அழுதுகொண்டே போனாள்.

பிறகு மழை பிடித்தது. கருகிய சுவர் கரையத் தொடங்கியது. அவசரக் கூட்டத்தில் தலைவர் மேசையைத் தட்டினார். "நம்ம நாசம் வீணாப்போவுது தோழர்களே! உடனே மேல கூரை போட்டுக் காப்பாத்தணும்!" தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் காலை மூங்கிலும் தகரமுமாக ஊரே அங்கே போய் இறங்கியது. எங்கள் ஊரில் ஒருத்தர் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் மூங்கிலோடு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கை கொடுக்க வந்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் சோறு போட வேண்டும். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் கல்யாணத்துக்கென்று வளர்த்த கோழிகளை அடித்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைத்தாள்.

"சாப்பிடுங்கப்பா. நான்தான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். நல்லா இருப்பீங்க."

வாய் நிறைய சோற்றை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்வது மரியாதையாகாது. நான் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். குழம்பு அருமை.

கடைசித் தகரம் அடித்தானதும் தலைவர் கை கழுவிவிட்டு வாசலில் ஒரு பலகையை மாட்டினார்: 'சீட்டு இல்லாமல் உள்ளே வரக் கூடாது'.

அக்கா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். "என்னடா இது?"

"பாதுகாப்புக் கூரை அக்கா. சுவருக்கு."

"அப்ப நாங்க?"

"நீங்க மனுஷங்கதானே? நனைஞ்சா காஞ்சுடுவீங்க."

ஆனாலும் சங்கம் கல்நெஞ்சம் படைத்ததல்ல. கல்யாணத்தை அங்கேயே 'கலாச்சார நிகழ்ச்சி'யாக நடத்த அனுமதித்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சீட்டு இலவசம். எங்கள் தாராளம் அப்படி. மாப்பிள்ளை முட்டையை மிதித்ததும் கூட்டமாகப் படம் எடுத்தார்கள். ஒரு வெளிநாட்டு அம்மாள் கண் கலங்க, இந்த வீட்டை அழித்தது எது என்று கேட்டாள். நான் ஒலிவாங்கியை அக்காவிடம் நீட்டினேன்.

"மலை எங்க கூரையை மட்டுந்தான் எடுத்துச்சு. வீட்டை எடுத்தவனுங்க, என் கோழியையும் தின்னுட்டு இங்கதான் நிக்கறானுங்க. இதை என்கிட்ட நீட்டறவனும் அதுல ஒருத்தன்."

'வந்ததற்கு நன்றி என்கிறார்' என்று நான் மொழிபெயர்த்தேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தட்டாமல் இருந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான். பாவம், அவர்களுக்கு எங்கள் மொழி தெரியும்.